பிரேக் ராக்கையா

ராக்கையாவைப் போலப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் தேனியில் மெக்கானிக் என்று பலகை மாட்டிய தைரியசாலிகள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் கைபட்ட வண்டிகள் எந்தெந்த ஓடையில் குப்புறக் கிடந்தன என்று எனக்குத் தெரியும். மோட்டார் சாமான் கடைக்காரனுக்கு அதெல்லாம் தெரியாமல் போகாது. பெரியகுளம் ரோட்டில் என் கடை, கடையின் பின்சுவரை ஒட்டி அவர் பட்டறை. நான் ஜேசுராஜ். ஊரில் அண்ணாச்சி என்பார்கள்.

ஹாரன் அடிக்கவில்லை என்று வண்டியைக் கொண்டுபோனாலும் ராக்கையா முதலில் சக்கரத்தைக் கழற்றி பிரேக்கைத்தான் பார்ப்பார்.

"நான் ஹாரனுக்குத்தானய்யா வந்தேன்" என்று வந்தவர் கத்துவார்.

"ஹாரன் அடிக்காட்டி ஆளு சாகமாட்டான். செத்த நேரம் உக்காருங்க."

இப்படித்தான் அவருக்கு 'பிரேக் ராக்கையா' என்ற பெயர் வந்தது. மரியாதையும் கேலியும் சரிபாதியாகக் கலந்த பெயர்.

மயிலாடும்பாறைப் பக்கம் மானாவாரிக் காட்டை விட்டுவிட்டு வந்தவர். இளவட்டத்தில் லாரி கிளீனர். போடிமெட்டு மலை ரோட்டில் ஏறுகிற லாரி மூச்சுமுட்டி நின்றால், கிளீனர் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். ஒருநாள் அவர் போட்ட கட்டை வழுக்கிவிட்டது. லாரி பின்னாலேயே உருண்டது. டிரைவர் உள்ளே இருந்தார். இதற்கு மேல் ராக்கையா எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அதன்பிறகு மலை என்றாலே அவருக்கு ஆகாது. பஸ்ஸில் போனாலும் வாசலுக்குப் பக்கத்து இருக்கைதான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, காலால் தரையை பிரேக் மிதிப்பதுபோல மிதித்துக்கொண்டே வருவார். பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கே இருந்திருக்கிறது.

அவர் மனைவி பஞ்சம்மாள். அவளுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, தம்பி சின்னக்கருப்பு மட்டும்தான். அவனைப் பெற்ற கையோடு தாய் கண்ணை மூடிவிட்டாள். பஞ்சம்மாளே சின்னப் பிள்ளை. இடுப்பில் தூக்கிச் சுமந்து, அடுத்த வீட்டில் பால் வாங்கிப் புகட்டி, ஆளாக்கிவிட்டாள். கல்யாணமாகி வரும்போது அவனையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பாத்திரம் பண்டத்தோடு மச்சினனையும் சீராக வாங்கி வந்தவர் என்று ராக்கையாவை நாங்கள் கிண்டல் செய்வோம். அவருக்குப் பிள்ளை இல்லை. அவனைத்தான் பிள்ளையாக நினைத்தார்.

சின்னக்கருப்பு வளர்ந்து ஏலக்காய் எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினான். அக்கா புருஷனிடம் இருந்த பயம் மொத்தத்துக்கும் எதிராக ஒரு தைரியம் அவனிடம் இருந்தது. மலையில் அவன் இறங்குகிற வேகத்தைப் பற்றிக் கேள்விப்படும் போதெல்லாம் ராக்கையா சோற்றுக் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

அறுபத்தேழாம் வருஷம் என்று ஞாபகம். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த குடும்பத்துப் பையன் வைகுண்டராஜ் மெட்ராஸில் படிக்கப் போய், படிப்பைத் தவிர மற்றதெல்லாம் கற்றுக்கொண்டு வந்தான். சோழவரத்தில் கார் ரேஸ் பார்த்துவிட்டானாம். மலையில் ஒரு எஸ்டேட் கொட்டகையில் வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன இரண்டு சீட்டுக் கார் ஒன்று கோழி அடைந்து கிடந்தது. யுத்தத்துக்கு முந்தைய வண்டி. நீண்ட மூக்கு, சைக்கிளுக்கு இருப்பது போல ஒல்லிக் கம்பிச் சக்கரம், கூரை கிழிந்துபோய் எலும்பு மட்டும் மிச்சம். கம்பெனிப் பெயரை நான் சொல்லமாட்டேன். சொன்னால் பழைய கார் பைத்தியங்கள் இன்றைக்கும் விலாசம் கேட்டு வந்து நிற்பார்கள்.

அதை மாடு கட்டி இழுத்துவந்து பட்டறை வாசலில் விட்டான் வைகுண்டராஜ்.

"ராக்கையாண்ணே, இத ரேஸ் வண்டியா மாத்தணும். வர்ற சோழவரம் ரேஸ்ல விடப்போறேன்."

"எனக்கு ஆகாது தம்பி. வேற ஆளப் பாருங்க."

"ஓட்டப்போறது ஒங்க மச்சினன் சின்னக்கருப்புதான். சரின்னுட்டான். நீங்க செய்யலைன்னா மதுரையில குடுத்துச் செஞ்சுக்கிர்றேன்."

ராக்கையா அன்றைக்குச் சாயங்காலம் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. சின்னக்கருப்பை அடித்துப் பார்த்தாராம், கெஞ்சிப் பார்த்தாராம், அவன் சிரிக்கிறானாம்.

"வேற எவனாச்சும் செஞ்சா, அவன் உசுருக்கு யாரு அண்ணாச்சி பொறுப்பு? நானே செஞ்சா, ராத்திரி படுக்கையில எந்த நட்டு எவ்வளவு முறுக்கியிருக்குன்னாவது தெரியும்ல."

பயத்தில்தான் அவர் அந்த வேலையை ஏற்றார். பஞ்சம்மாள் அழுது ஓய்ந்து, கடைசியில் வேலைக்கு வைத்த அந்தக் காரின் முன்னாலேயே அவரை நிறுத்திக் கேட்டாள்.

"எந் தம்பிய முழுசாத் திருப்பித் தருவீகளா?"

"தருவேன்."

"கையில அடிச்சுச் சொல்லுங்க."

அடித்துச் சொன்னார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காரை வேகமாக்குவது என்றால் அதிலிருந்து என்னென்ன இல்லாமல் முடியுமோ அதையெல்லாம் கழற்றிப்போடுவது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மட்கார்டு போனது. ஸ்டெப்னி, கண்ணாடி, கதவு, பக்கத்து சீட்டு எல்லாம் பட்டறை மூலையில் குவிந்தன. சைலன்சரைக் கழற்றிவிட்டு நேராக ஒரு குழாய் வைத்தார். முதல்முறை ஸ்டார்ட் செய்தபோது என் கடை அலமாரியிலிருந்து பல்புப் பெட்டிகள் விழுந்தன. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை மதுரைக்குக் கொண்டுபோய் லேத்தில் கொடுத்து அடிப்பக்கத்தை இழைத்து வந்தார். காற்றும் பெட்ரோலும் இன்னும் இறுக நெருங்கி வெடித்தால் இழுவை கூடுமாம். எஞ்சினோடு சுற்றுகிற கனத்த ஃப்ளைவீலையும் கடைந்து எடையைக் குறைத்தார். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு. வளைவில் வண்டி ஆடக்கூடாது என்று பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் கயிற்றை நனைத்து, காலால் உதைத்து இழுத்து, இடைவெளியில்லாமல் சுற்றினார். காய்ந்ததும் அது இரும்பு மாதிரி இறுகிவிட்டது.

வேலையில் ஒரு ருசி அவருக்கு வந்திருந்தது, அதை மறைக்க முடியாது. ஆனால் வேகம் ஏற ஏற மனிதர் இளைத்துக்கொண்டே வந்தார்.

கண்டமனூர் விலக்குக்குப் போகிற நேர்ரோட்டில் முதல் ஓட்டம். சின்னக்கருப்பு போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. அப்படி ஒரு வேகம். ஆனால் எங்களைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் நின்றான். திரும்ப உருட்டிக்கொண்டு வந்தபோது சக்கரங்களிலிருந்து ரப்பரும் மயிரும் தீய்ந்ததுபோல நாற்றம்.

"மூணாவது மிதிக்கு பிரேக்கு ஓடிப்போச்சு மாமா! காலு தரையில போயி முட்டுது!" அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

ராக்கையா ரோட்டோரத்தில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் கண்டது. அந்த பிரேக் அந்தக் காலத்து வேகத்துக்குச் செய்தது. இந்த வேகத்துக்கு அது வெந்துபோகிறது.

அதற்குப்பிறகு அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. பிரேக், பிரேக், பிரேக். நான் மெட்ராஸில் விசாரித்து, சக்கர டிரம்முக்குள் உரசி வண்டியைப் பிடிக்கிற லைனிங்கில், ரேஸ் வண்டிகளுக்கென்றே வருகிற கெட்டி ரகம் வாங்கிக் கொடுத்தேன். எவ்வளவு சூடானாலும் வேகாது. ஒரே ஒரு குணம், சூடு ஏறினால்தான் பிடிக்கும். சில்லென்று இருந்தால் கண்ணாடியில் கை வைத்தது மாதிரி வழுக்கும். சக்கரத்து டிரம்முக்குப் பின்னால் மூடியிருக்கிற தகட்டிலும் ராக்கையா துளைகள் போட்டார். எண்ணெய் டின்னை வெட்டிப் புனல் மாதிரிச் செய்து துளைகளுக்கு முன்னால் பொருத்தினார். ஓடுகிறபோது காற்று உள்ளே போய் சூடு அளவோடு நிற்கும்.

சின்னக்கருப்பைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார். "வளைவுக்கு முன்னாடியே லேசா மிதிச்சு மிதிச்சுச் சூடேத்திக்கணும். அப்பறம் ஒண்ணு, ஊத்துல நிப்பாட்டுனா தண்ணி மட்டும் ஊத்திராத மாப்ள."

"சரி மாமா, சரி மாமா" என்றான் அவன். ஒரு சொல்லுக்கு இரண்டு முறை சரி என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

ஊற்று என்பது போடிமெட்டு மலையில் பாதி வழியில் இருப்பது. பாறையிலிருந்து வருஷம் முழுக்கத் தண்ணீர் கசியும். பக்கத்தில் ஒரு சூலம், மஞ்சள் துணி. ஊத்துக்காளி என்பார்கள். இறங்கி வருகிற ஜீப், லாரி எல்லாம் அங்கே நிற்கும். பிரேக் பிடித்துப் பிடித்து டிரம் கொதித்துப்போயிருக்கும். குடத்தில் பிடித்து நாலு சக்கரத்துக்கும் ஊற்றி, மிச்சத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிளம்புவார்கள். அது சாமிக்குச் செய்வதா வண்டிக்குச் செய்வதா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. மூடிய டிரம்மில் தண்ணீர் வெளியே பட்டு வழிந்துவிடும், சூடும் தணியும். அந்த மலையில் அப்படிச் செய்யாமல் இறங்கிய டிரைவர் கிடையாது.

மார்கழி மாதம் மலையில் சோதனை ஓட்டம் வைத்தார்கள். மேலேயிருந்து இறங்கி வந்து பாதியில் ராக்கையா பிரேக்கைத் தொட்டுப் பார்ப்பது, சரியாக இருந்தால் அடிவாரத்து முந்தல் வரை முழுவேகம். வைகுண்டராஜ் கைக்கடிகாரத்தோடு முந்தலில் நின்றான். ஓரங்கட்டி நிறுத்த அகலமான இடம் ஊற்றடி ஒன்றுதான் என்பதால் நாங்கள் அங்கே காத்திருந்தோம். பஞ்சம்மாளும் வந்தே தீருவேன் என்று வந்திருந்தாள். உச்சிவெயிலிலும் பனிமூட்டம் முழுசாக விலகவில்லை. எனக்குப் பல் கிட்டியது, குளிர் என்று வெளியே சொல்லிக்கொண்டேன்.

முதலில் சத்தம்தான் வந்தது. மேலே எங்கோ ஒரு வளைவில் உறுமி, பாறைக்குப் பின்னால் அடங்கி, மறுபடி உறுமி. ஒவ்வொரு முறை அடங்கும்போதும் பஞ்சம்மாள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். அப்புறம் அந்த நீண்ட மூக்கு பனியிலிருந்து வெளியே வந்து, எங்களுக்கு முன்னால் மெழுகில் கத்தி நின்றது மாதிரி நின்றது.

ராக்கையா ஓடிப்போய் டிரம் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. மலையில் வைத்து அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பிடிக்குதா மாப்ள?"

"கடிக்குது மாமா!"

"அங்கன வளைவுக்குப் போயி எதிர வண்டி வருதான்னு பாக்குறேன். கையக் காட்டுனதும் எடு." என்னையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு கீழ்வளைவுக்கு நடந்தார். மேலேறி வந்த பஸ் ஒன்று எங்களைக் கடந்து போகும்வரை நின்றோம். ரோடு காலியானது. ராக்கையா துண்டை வீசினார். கார் கிளம்பி எங்களை நோக்கி வந்தது.

அவர் டிரைவரைப் பார்க்கவில்லை. வழக்கம்போல சக்கரத்தைத்தான் பார்த்தார். நானும் பார்த்தேன். கார் எங்களைத் தாண்டியபோது தகரப் புனல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. தார் ரோட்டில் ஈரக்கோடு விழுந்துகொண்டே போனது.

"நிறுத்து! ஏலே, நிறுத்துலே!"

சைலன்சர் இல்லாத வண்டியில் யார் கத்தினால் யாருக்குக் கேட்கும்? சின்னக்கருப்பு கையை உயர்த்தி ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

ராக்கையா மேலே திரும்பிப் பார்த்தார். ஊற்றடியில் பஞ்சம்மாள் நின்றிருந்தாள். வெறுங்குடம் இடுப்பில், ஈரக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மூடிய டிரம்மாக இருந்தால் தண்ணீர் வழிந்து போயிருக்கும். இதில் அவர் போட்ட துளை வழியாக நேரே லைனிங்கில் இறங்கியிருக்கிறது. சூடும் போய், நனைந்தும் போன லைனிங்.

பார்க்க எதுவும் இல்லை, கேட்கத்தான் முடியும். கீழே ஒரு வளைவு வரும் இடத்தில் எஞ்சின் சத்தம் குறைய வேண்டும். குறையவில்லை. ராக்கையா என் கையைப் பிடித்தார். அவர் நகம் தோலில் இறங்கியது. பல்சக்கரம் நொறுங்குகிற மாதிரி ஒரு கரகரப்பு, உடனே எஞ்சின் வீறிட்டது.

"மிதிச்சுப் பாத்துட்டான். பிடிக்கல. கியரக் கீழ தள்ளுறான்" என்றார் ராக்கையா. அடுத்த வளைவிலும் அதே கரகரப்பு, அதே வீறிடல். பள்ளத்தாக்கு முழுக்க அந்தச் சத்தம் சுற்றியது. பிறகு தகரம் பாறையில் நெடுக உரசுகிற ஓசை. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைப் போல ஒரு பயங்கரத்தை நான் அதற்கு முன்னும் அனுபவித்ததில்லை, பின்னும் இல்லை.

மலைக்குப் பயந்த அந்த மனிதர் ரோட்டை விட்டு இறங்கி, ஆள் நடக்கிற குறுக்குப் பாதையில் பாய்ந்து ஓடினார். கல் சரிகிறது, முள் கிழிக்கிறது, ஒரு பக்கம் பாதாளம். நான் உட்கார்ந்து உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு பின்னால் போனேன். எல்லா ஜெபமும் மறந்துபோய் "ஆண்டவரே ஆண்டவரே" என்று மட்டும் வாயில் வந்தது.

பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கப் பாறையில் காரை வேண்டுமென்றே உரசவிட்டு நிறுத்தியிருந்தான் பையன். முன்சக்கரம் ஒன்று காணோம். அவன் ரோட்டில் மல்லாந்து கிடந்தான். ஒரு கால் தொடைக்குக் கீழே வேறு திசையில் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. அது அசைகிறதா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அசைந்தது.

"மாமா... பெடலு கல்லு மாதிரி நிக்குது, வண்டி நிக்கமாட்டேங்குது."

"பேசாத மாப்ள."

"அக்காதான் தண்ணி... வேணாம்னா அது அழுவும்னு..."

ராக்கையா அவன் வாயைப் பொத்தினார். கிரீஸும் மண்ணும் ரத்தமும் அப்பிய கை. குனிந்து அவன் காதில் சொன்னார்.

"தண்ணிப் பேச்சு இனிமே ஒன் வாயில வரப்படாது. அண்ணாச்சி, ஒங்களுக்குந்தான்."

பஞ்சம்மாள் ரோட்டுவழியே ஓடிவந்து சேர்ந்தாள். தம்பியின் காலைப் பார்த்தாள். அவன் கன்னத்தைத் தடவி, நெஞ்சில் காதை வைத்துக் கேட்டு, உயிர் இருக்கிறது என்று உறுதியான பிறகு எழுந்து புருஷன் சட்டையைப் பிடித்தாள்.

"கையில அடிச்சுச் சொன்னீகளே! இதுதான் ஒங்க பிரேக்கா?"

"ஆமா. எந் தப்புதான். பிரேக்கு சரியில்ல."

"நல்லவேள, நான் ஆத்தா தண்ணிய ஊத்தி விட்டேன். அதான் உசுரு தப்புச்சு. இல்லைன்னா எந் தம்பிய அள்ளித்தான் குடுத்திருப்பீக."

அவர் தலையை ஆட்டினார். "ஆமா. அதனாலதான் தப்புச்சான்."

அந்தக் கார் சோழவரம் போகவில்லை. வைகுண்டராஜ் பட்டறை வாசலில் நின்று ஊர் கேட்கப் பேசிவிட்டு, உடைந்த வண்டியை எங்கோ விற்றுவிட்டான். ராக்கையா போட்ட பிரேக் நடுமலையில் காலை வாரிவிட்டது என்று போடிச் சந்தையிலிருந்து கம்பம் வரை பேச்சு பரவியது. பஞ்சம்மாளும் தண்ணீர்க் குழாயடியில் அதையே சொன்னாள். மலைவண்டிகள் அவர் பட்டறைக்கு வருவது நின்றது. 'பிரேக் ராக்கையா' என்ற பெயரில் மரியாதை போய் கேலி மட்டும் மிஞ்சியது. டிராக்டருக்கும் சைக்கிளுக்கும் வேலை பார்த்தே மிச்சக் காலத்தை ஓட்டினார்.

சின்னக்கருப்பு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து, மறுபடி ஜீப்பில் ஏறினான். பஞ்சம்மாள் காலையில் சக்கரங்களுக்குத் தண்ணீர் ஊற்றாமல் அவனை அனுப்பவே மாட்டாள். அது சாதாரண மூடிய டிரம், சாதாரண லைனிங், ஒன்றும் ஆகாது. ராக்கையாவுக்கும் அது தெரியும். இருந்தாலும் அவள் குடத்தோடு வருகிறபோது அவர் கையிலிருக்கும் ஸ்பானர் தானாகக் கீழே விழும். ஜீப் தெருமுனை திரும்பும்வரை அப்படியே நிற்பார். சாயங்காலம் அது திரும்பி வருகிற சத்தம் கேட்ட பிறகுதான் வாயில் டீ இறங்கும்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் கடையில் யாரும் இல்லாதபோது சத்தம் போட்டேன். "ஒரு வார்த்தை சொன்னா ஒம்ம தொழில் நிமிரும். கட்டுனவளே தெருவுல பேர நாறடிக்கிறா. எதுக்கய்யா இந்தப் பாடு?"

அவர் கையிலிருந்த அழுக்குத் துணியை மடித்து ஸ்டூலில் வைத்தார்.

"அந்தக் கையாலதான் அவனுக்குச் சோறூட்டுனா அண்ணாச்சி. அதே கைதான் அவனக் கொல்லப் பாத்துச்சுன்னு தெரிஞ்சா, அந்தக் கைய வச்சுக்கிட்டு அவ எப்படி இருப்பா? அவ கெணத்துப் பக்கம் போனாலே எனக்குப் பயமா இருக்கும். தண்ணிக் கொடத்தப் பாத்துப் பயப்படுறது எனக்குப் பழகிப்போச்சு. கெணத்துப் பயம் வேணாம்."

அதற்குப்பின் நான் அதைப் பற்றிப் பேசவில்லை. பஞ்சம்மாளும் போய்ச் சேர்ந்துவிட்டதால்தான் இப்போது இதை எழுதுகிறேன்.

எண்பத்து மூன்றிலோ நான்கிலோ, மஞ்சள் காமாலையில் ராக்கையா இறந்தார். பட்டறை வாசலில் கிடத்தியிருந்தார்கள். பஞ்சம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் முகத்தைத் தடவித் தடவி அழுதாள். போலி அழுகை இல்லை, நெஞ்சு வெடிக்கிற அழுகை.

"மனுசன் தங்கம். என்னைய ஒரு சொல்லு சொன்னதில்ல. எந் தம்பி காலு போனதுக்கு ஊரு முன்னாடி நான் என்னென்னமோ பேசுனேன். ஒரு நாளாச்சும் எதுத்துப் பேசுனாரா? பிரேக்கு ஒண்ணுதான் அவருக்குச் சரியாப் போடத் தெரியல. மத்தபடி தங்கம்."

கால்மாட்டில் நின்ற சின்னக்கருப்பு நிமிர்ந்தான். உதடு துடித்தது, வாய் திறந்தது. அவன் ஒரு கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, சாய்ந்த காலோடு கூட்டத்தை விலக்கி வெளியே போனான்.